நடக்கும் பாதையிலேயே பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்ப்பது என்றால் சரணாலயத்துக்குப் போக வேண்டும், நீளமான கேமரா வேண்டும், விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆசை இருந்தும் அதனாலேயே தொடங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். காலையிலோ மாலையிலோ நீங்கள் எப்படியும் நடக்கிற பாதை ஒன்று இருக்கும். அந்தப் பாதையை மாற்றாமல், நேரத்தையும் பெரிதாக மாற்றாமல், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் நடந்து, அங்கே இருக்கும் பறவைகளை மட்டும் ஒரு வருடம் கவனித்து வாருங்கள். அந்தப் பாதையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து உங்கள் 'வட்டாரம்' என்று இங்கே சொல்கிறேன்.

ஒரே இடத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? ஒரு நாள் சரணாலயத்துக்குப் போய் எழுபது எண்பது வகைப் பறவைகளைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு படுக்கும்போது அவற்றில் எத்தனை மனத்தில் நிற்கும்? பக்கத்தில் நின்றவர் பெயர் சொன்னார், நாம் தலையாட்டினோம், அடுத்த பறவை வந்துவிட்டது. உங்கள் தெருவில் இருபது வகைதான் இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் அந்த இருபதும் எங்கே உட்காரும், எப்போது கத்தும், யாரோடு சண்டை போடும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு இருபத்தொன்றாவதாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தால், பெயர் தெரியாவிட்டாலும் 'இது புதுசு' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அந்த உறுதி, தெரிந்ததை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதால் மட்டுமே வருவது.

பறவையியலில் பெரிய கண்டுபிடிப்புகள் சில இப்படி வீட்டுப் பக்கத்திலேயே நிகழ்ந்திருக்கின்றன. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த கில்பர்ட் வைட் (1720–1793) என்ற பாதிரியார், தன் ஊரைச் சுற்றி நடந்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஒரே பறவை என்று அதுவரை எண்ணப்பட்டிருந்த மூன்று இலைக்குருவிகளை, அவற்றின் பாட்டு வேறுபடுவதைக் கவனித்து, தனித்தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டினார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் (1883–1974), பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, 1928 முதல் தன் வீட்டருகே வாழ்ந்த பாடும் சிட்டுகளின் காலில் வண்ண வளையமிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பார்த்தார். ஒரு ஆண் குருவி ஒரே நாளில் 2,305 முறை பாடியதை எண்ணி எழுதியவர் அவர். நம் நாட்டுப் பறவையியலாளர் சாலிம் அலி, வேலையில்லாமல் இருந்த காலத்தில், 1930-இல் மகாராஷ்டிரக் கடற்கரையோரக் கிஹிமில் வீட்டுக்கு அருகே இருந்த தூக்கணாங்குருவிக் கூட்டத்தை நாள்தோறும் கவனித்தார். ஆண் பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். அதில் குடும்பம் அமைந்ததும் அடுத்த பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். இந்த நடைமுறை அவர் கண்ணில் பட்டதற்குக் காரணம், அதே இடத்துக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் உட்கார்ந்ததுதான்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் போதும். நீளத்தைவிட, வழியில் எத்தனை விதமான இடங்கள் வருகின்றன என்பதே முக்கியம். பெரிய பழைய மரம் ஒன்று, புதர் மண்டிய காலி மனை, மின்கம்பி, கொஞ்சம் திறந்த வெளி, எங்காவது தண்ணீர் தேங்கும் பள்ளம். இவற்றில் மூன்று இருந்தாலே நல்ல வட்டாரம்தான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவைகள் இருக்கும். கம்பியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் உட்காரும். புதருக்குள் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் ஓடித் திரியும். திறந்த தரையில் மைனா நடக்கும். ஆலோ அரசோ அத்தியோ பாதையில் இருந்தால், அது பழுக்கும் வாரங்களில் அங்கேயே நின்றுவிடுங்கள். குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா என்று பழம் தின்னும் பறவைகள் எல்லாம் அந்த ஒரு மரத்துக்கே வந்து சேரும்.

மீன்கொத்தி தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி பூச்சி, பல்லி, ஓணான் என்று தின்று, குளத்துக்கு வெகு தொலைவிலும் நன்றாக வாழும். கம்பியில் நீலமாக ஒன்று அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அது அதுவாக இருக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் உதித்த பிறகு முதல் இரண்டு மணி நேரம்தான் சிறந்தது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைகள் இரை தேடும், பாடும், எல்லை காக்கச் சண்டையிடும். மாலையில் அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் நல்லது. காலை தாமதமாகத்தான் கிளம்ப முடியும் என்பவர்கள் வானத்தைப் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழுந்த பிறகே பருந்துகள் சிறகை அடிக்காமல் வட்டமிடத் தொடங்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய வித்தியாசம் செய்வது: முடிந்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள். காலையில் கிழக்கிலிருந்து மேற்காக. எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

உடற்பயிற்சிக்கு நடக்கும் வேகத்தில் பறவை பார்க்க முடியாது. வேக நடையை முடித்துவிட்டு, கடைசிப் பகுதியை மெதுவாக நடக்கலாம். வழியில் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நாம் வந்ததும் அடங்கிய பறவைகள் இரண்டு நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே வரும். நடந்துகொண்டே இருப்பவர் அவற்றைப் பார்க்கவே மாட்டார்.

எதைப் பார்ப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நிறம் கடைசியாகத்தான் உதவும். முதலில் அளவு. எல்லோருக்கும் தெரிந்த மூன்று பறவைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், மைனா 25-ஐ ஒட்டி, காகம் 40-க்கு மேல். புதிய பறவையைப் பார்த்ததும் 'மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது' என்று மனத்துக்குள் சொல்லுங்கள். பிறகு வடிவம்: வால் நீளமா குட்டையா, அலகு கூம்பா, ஊசியா, வளைந்ததா. கூம்பு அலகு என்றால் விதை உடைக்கிற பறவை. மெல்லிய ஊசி அலகு என்றால் பூச்சி பிடிக்கிறது. கீழ்நோக்கி வளைந்த மெல்லிய அலகோடு பூவைச் சுற்றினால் தேன்சிட்டு.

அடுத்து நடத்தை. ஒரு பறவையைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது அது செய்கிற வேலைதான். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பும். வாலாட்டி தரையில் ஓடி நின்று வாலை மேலும் கீழும் ஆட்டும். மரங்கொத்தி அலை அலையாக ஏறி இறங்கிப் பறக்கும். தகைவிலானும் உழவாரனும் வானில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான்தான். உழவாரனின் கால் சுவர், ஓலை போன்ற செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்கத்தான் ஏற்றது. கம்பியில் உட்கார அதற்கு வராது. மடையான் உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். எழுந்து பறந்ததும் இறக்கை விரிந்து முழு வெள்ளையாக மாறும். முதன்முறை பார்ப்பவர்கள் இரண்டு பறவைகள் என்றே நினைப்பார்கள்.

கறுப்புப் பறவைகள்: ஒரு பயிற்சி

எந்த வட்டாரத்திலும் முதல் மாதத்துக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. 'கறுப்பாக ஒன்று' என்று நாம் கடந்துபோகிற பறவைகளைப் பிரித்தறிவது. இதை முடித்தவர்களுக்கு மற்றதெல்லாம் எளிதாகிவிடும் என்பது என் அனுபவம்.

காகத்திலிருந்து தொடங்குங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக்காகம். உடல் முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து வளைந்து, குரல் கரகரப்பாக இருந்தால் அண்டங்காக்கை. இரண்டும் ஒரே தெருவில் இருக்கலாம். காகத்தை எல்லோருக்கும் தெரியும் என்கிறோம். அதில் இரண்டு வகை இருப்பதைப் பார்க்காமலே பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

காகத்தின் நீளமே இருக்கும், ஆனால் ஒல்லியாக, வால் நீண்டு, இலை மறைவில் உட்கார்ந்திருந்தால் ஆண் குயில். அதன் கண் இரத்தச் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை. பெண் குயிலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கும்: பழுப்பு உடல் முழுக்க வெள்ளைப் புள்ளி, வாலில் வரிகள். நான் முதல் வருடத்தில் அதை 'புள்ளிப் பறவை, பெயர் தெரியவில்லை' என்று நான்கு முறை எழுதி வைத்திருந்தேன். ஐந்தாம் முறை பக்கத்தில் ஆண் வந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஒரு இனத்தின் ஆணும் பெண்ணும் குஞ்சும் மூன்று விதமாக இருக்கலாம் என்பதை அந்த ஒரு காலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இனி, கம்பியிலோ மாட்டின் முதுகிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, வால் நுனி மீன் வால்போல இரண்டாகப் பிளந்திருந்தால் கரிச்சான். இரட்டைவால் குருவி என்று பலர் சொல்வதும் இதைத்தான். அருகில் பார்க்க முடிந்தால் அலகின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய காகத்தையும் பருந்தையும் துரத்துவதைப் பார்த்தால் அதன் அளவையே மறந்துவிடுவீர்கள்.

தரையில், புதரோரம், கனத்த உடம்போடு நடந்து போகிறதா? இறக்கை மட்டும் செங்கல் நிறமா? செம்பூத்து, செண்பகம் என்றும் சொல்வார்கள். இதன் கண்ணும் சிவப்புதான். குயிலோடு குழம்பிவிடாமல் இருக்க அந்தச் செங்கல் நிற இறக்கை ஒன்றே போதும். சிட்டுக்குருவி அளவில், வாலைத் தூக்கிக்கொண்டு, வாலடியில் செம்பழுப்பாக இருந்தால் கருஞ்சிட்டு. அதைவிடச் சிறியதாக, பூவின்முன் துடித்துக்கொண்டு, வெயில் பட்டதும் ஊதாவாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டின் ஆண்.

நீங்கள் வேறு நாட்டில் வாழ்ந்தால் இந்தப் பெயர்கள் மாறும். அங்கும் கறுப்புப் பறவைகள் ஐந்தாறு கட்டாயம் இருக்கும், பயிற்சி அதேதான்.

காதால் பார்ப்பது

மரம் அடர்ந்த தெருவில், பறவை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குரல் வந்துவிடும். பழகியவர்கள் எழுதும் பட்டியலில் பாதிக்குமேல் கேட்டு அறிந்தவையாகவே இருக்கும். ஆனால் எல்லாக் குரலையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் சலித்துவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு குரலைக் கேட்டதும், அது எதுவென்று பதிவில் தேடுவதைவிட, அந்தக் குரலைப் பின்தொடர்ந்துபோய்ப் பறவையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அலகு அசைவதையும் ஒலி வருவதையும் ஒருசேரப் பார்த்த குரல் மறக்காது.

செம்மார்புக் குக்குறுவானில் தொடங்கலாம். உலோகத்தைச் சீராகத் தட்டுவதுபோல 'டொங்க், டொங்க், டொங்க்' என்று நிமிடக்கணக்கில் நிறுத்தாமல் ஒலிக்கும். சத்தம் வரும் திசை மாறிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் கத்தும்போது அது தலையை இங்கும் அங்கும் திருப்பும். பெரும்பாலும் மரத்தின் உச்சியில் ஒரு பட்டுப்போன கிளையில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக, பச்சையாக உட்கார்ந்திருக்கும். அடுத்து தையல்சிட்டு: உள்ளங்கையில் அடங்குகிற பறவை, தெரு முழுக்கக் கேட்கிற குரல். பிறகு செம்பூத்தின் ஆழமான 'ஊப் ஊப்'. ஆள்காட்டிக்குப் பெயரே விளக்கம். நீங்கள் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அணில் பறவையைப்போலவே 'கீச் கீச்' என்று விடாமல் கத்தும். மரத்தடியில் கழுத்து வலிக்கத் தேடி, கடைசியில் அணிலைக் கண்டுபிடிக்காத பறவை நோக்கர் இருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கூட்டுக் கூச்சல். காகம், மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் ஒரு மரத்தைச் சுற்றி ஒன்றாகக் கத்தினால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். பூனையாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம். வல்லூறோ, பகலில் தூங்க இடம் தேடிய ஆந்தையோ இருக்கலாம். சின்னப் பறவைகள் சேர்ந்து சத்தம் போட்டு வேட்டைக்காரரைத் துரத்தும் இந்த வழக்கம் உலகமெங்கும் உண்டு. சத்தம் கேட்ட மரத்தை நிதானமாகப் பாருங்கள். என் வட்டாரத்தின் புள்ளி ஆந்தையை எனக்குக் காட்டியது ஒரு காகக் கூட்டம்தான். அதற்குப் பிறகு அதே பொந்தை ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறேன்.

குறிப்பேடு

நினைவை நம்ப வேண்டாம். சட்டைப்பைக்குள் போகும் சிறு நோட்டு போதும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, பார்த்த பறவைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை. பெயர் தெரியாததையும் எழுதுங்கள்: அளவு, வால், அலகு, என்ன செய்தது. ஒரு கிறுக்கல் படம்கூட உதவும். இதில் பலர் செய்யும் தவறு, காகத்தையும் புறாவையும் 'அதுதான் தினமும் இருக்கிறதே' என்று விட்டுவிடுவது. அப்படி விட்டால் பத்து வருடம் கழித்து அவை குறைந்தனவா கூடினவா என்று யாராலும் சொல்ல முடியாது. சிட்டுக்குருவி எப்போதிலிருந்து குறைந்தது என்று பலர் கேட்கிறார்கள். அது நிறைய இருந்த காலத்தில் தெருவில் நின்று எண்ணி எழுதியவர்கள் அதிகம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று நீங்கள் குயிலைப் பட்டியலில் எழுதவில்லை என்றால் என்ன பொருள்? குயில் இல்லை என்பது ஒரு சாத்தியம் மட்டுமே. குயில் இருந்தது, ஆனால் கூவவில்லை; இலை மறைவில் இருந்ததால் தெரியவில்லை; நீங்கள் தாமதமாகப் போனீர்கள்; காற்று இரைச்சலில் காது கேட்கவில்லை. இப்படிப் பல காரணங்கள் இருக்கலாம். குயில் இனப்பெருக்கக் காலத்தில்தான் ஓயாமல் கூவும். மற்ற மாதங்களில் அதே மரத்தில் வாய் திறக்காமல் பழம் தின்றுகொண்டிருக்கும். 'குயில் போய்விட்டது' என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி குயில் பேசாமல் இருப்பதுதான். ஆகவே ஒரு நாள் காணாதது எதையும் நிரூபிக்காது. ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே அளவு கவனத்தோடு நாற்பது முறை நடந்து நாற்பது முறையும் காணாவிட்டால் அது செய்தி. பாதையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு உண்மையான காரணம் இதுதான்.

இப்படி எழுதும் பட்டியலை உலகத்தோடு பகிரவும் முடியும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய 'இ-பேர்ட்' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதியலாம். அதில் பதியும்போது 'நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வரும். முழுப் பட்டியல் என்றால் மட்டுமே ஆம் என்று சொல்லுங்கள். காகத்தையும் சேர்த்து எழுதியிருந்தால்தான், எழுதாத பறவை அன்று உங்கள் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். அரிய பறவையை மட்டும் எழுதிய பட்டியல் அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக

முதல் மாதம் எதுவும் வேண்டாம். பிறகு வாங்குவதென்றால் கேமராவுக்கு முன் பைனாகுலர். அதில் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கு இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். ஆனால் கையின் நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும், பார்க்கும் பரப்பும் பொதுவாகக் குறையும். தொடங்குபவருக்கு எட்டுதான் சரி. பறவையைப் பிடிக்க ஒரு வழி: கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தொலைந்துபோகும். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், அடுத்தவர் வீட்டுச் சன்னலை நோக்கியும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செயலி நல்ல துணை. அது சொல்வதை ஒரு ஆலோசனையாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலைப் போலிசெய்வது பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்டு மைனாக்கள் சிதறும்போது அவற்றின் இரையை அது எடுத்துக்கொள்ளும். மைனாவே ஏமாறுகிற இடத்தில் கைப்பேசி ஏமாறுவது இயல்புதான்.

ஆண்டின் சுழற்சி

இரண்டு மூன்று மாதம் நடந்தபின் உங்கள் பட்டியல் அசைவதைக் காண்பீர்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், மார்ச் ஏப்ரலில் திரும்பும். வாலாட்டி, பழுப்புக் கீச்சான், தகைவிலான் போன்றவை சாதாரணத் தெருவுக்கும் வரும். நீங்கள் வடநாடுகளில் வாழ்ந்தால் கணக்கு தலைகீழ்: வசந்தத்தில் வந்து, கூடுகட்டி, இலையுதிர்காலத்தில் புறப்படும். வளையமிட்டுப் பார்த்ததில், பழுப்புக் கீச்சான் போன்றவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பி, சென்ற ஆண்டு இருந்த அதே இடத்துக்கே வருவது உறுதியாகியிருக்கிறது. உங்கள் தெருமுனை முள்மரத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உட்காரும் கீச்சான் ஒரே பறவையாகவும் இருக்கலாம்.

வலசை போகாத பறவைகளுக்கும் காலம் உண்டு. காகம் குச்சி தூக்கிக்கொண்டு பறப்பதைப் பார்த்தால் அன்றே எழுதி வையுங்கள். குயிலின் கூவலும் அதே வாரங்களில் உச்சத்துக்குப் போயிருக்கும். பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் குயில் முட்டையிடும். ஆண் குயில் காகங்களுக்குப் போக்குக் காட்டி இழுத்துச் செல்வதும் பெண் பதுங்கி வருவதும் தெருவிலேயே நடக்கும். சில வாரம் கழித்து, காகம் ஒரு குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். கூட்டுக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும். அப்போது தலை வழுக்கையான மைனாவையும் இறக்கையில் இடைவெளி விழுந்த காகத்தையும் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

கூட்டை எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் எங்கே குனிந்து பார்க்கிறீர்கள் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் நகர்ந்ததும் முட்டையைத் தேடி வரும். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டது என்று நம்பி அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவரும். தரையில் குஞ்சு ஒன்று உட்கார்ந்திருந்தால் முதலில் தள்ளி நின்று பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்திக் குதிக்கிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்தில் இருந்தே ஊட்டும். பூனை, வண்டி வரும் இடமென்றால் அருகிலுள்ள புதரில் எடுத்து வைத்தால் போதும். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது உண்மையல்ல. இறகே முளைக்காத குஞ்சாக இருந்து, கூடு எட்டும் உயரத்தில் தெரிந்தால், கூட்டிலேயே திருப்பி வைக்கலாம்.

ஒரு வருடம் முடிந்ததும் நோட்டில் ஒரு புதுப் பழக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன், சென்ற ஆண்டின் இதே வாரத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு நடங்கள். செப்டம்பர் கடைசியில் என் நோட்டில் 'வாலாட்டி, ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஓரம்' என்று இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தொட்டியருகே வந்ததும் நடை தானாகவே தளர்ந்தது. நான்காவது நாள் அது வாலை ஆட்டிக்கொண்டு அதே சிமெண்ட் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது.